மூன்றாம் சரணத்துக்குப் பிறகு வரும் சிரிப்பு

அன்புள்ள மகன் மணிக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு முதல் தடவை ஒலிப்பதிவு ஆன அன்றைக்கே, கோடம்பாக்கத்து டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்தபடி, "இந்தப் பாட்டு நம்ம எல்லாரையும் தாண்டி நிக்கும், இன்னும் பத்துப் பேர் பாடுவான் பாரு" என்று சொன்னேன். கேசட் ஒழியும், பாட்டு ஒழியாது என்று சொன்னேன். நீ தவழ்கிற வயதிலேயே, இவன் ஒலிப்பதிவுத் தொழிலுக்குத்தான் வருவான் என்று சொன்னேன். இப்போது அதே பாட்டைப் புதிதாக எடுக்கிறேன் என்று உன் ஆறு மாதப் பாப்பாவை மூன்று நாளாக ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போய், மைக் முன்னால் சலங்கையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறாயே, அவள் சிரிக்க மாட்டாள் என்பதையும் சொன்னேன். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் ஏசியில் சளி பிடித்துக்கொண்டு வந்தாள். நேற்று நீ உன் அம்மாவுக்குப் போன் செய்து, "நான் அந்த வயசுல சலங்கையைப் பாத்துச் சிரிச்சேன், இவ திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறா, காது டாக்டர்கிட்டக் காட்டலாமா?" என்று கேட்டாயாம். அவள் சிரிக்க மாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று போன வாரம் நீ என்னைக் கேட்டபோது, எல்லாம் தெரியும் என்று சொல்லி நழுவிவிட்டேன். அதற்கான பதில்தான் இது.

நம் மாதா கோயில் பாடகர் குழு வெளியிடுகிற கிறிஸ்துமஸ் மலருக்கு, பாட்டின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் வரலாறு அடங்குமா? நான் எட்டாவதோடு நிறுத்தியவன்தான். ஆனால் பள்ளிக்கூடம் என்னை நிறுத்தவில்லை, நான்தான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். எழுத உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக வரும். அதனால் மலருக்கு எழுத வேண்டியதை உனக்குக் கடிதமாக எழுதுகிறேன். அச்சுக்குப் போகும் முன்னால், சனிக்கிழமை நீ கடைசி ஒலிப்பதிவுக்குக் கிளம்பும் முன்னால், இது வேளச்சேரியில் உன் கைக்கு வந்துவிடும். உனக்கு மட்டும் காதோடு சொல்லாமல் ஊர் படிக்கிற மலரில் ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகப் புரியும். உன் அம்மா எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். "யோவ், அத எழுதிட்டியா?" என்று கேட்கிறாள். வருகிறேன், இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னை மாமா என்று தெருவே கூப்பிடும். அந்தக் காலத்தில் மந்தைவெளியில் என் இரண்டு தங்கைகளின் குடும்பமும் நம் குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். அவர்களுடைய பிள்ளைகள் ஐந்து பேரும் மாமா மாமா என்று கத்தியதைக் கேட்டு வளர்ந்த நீயும் என்னை மாமா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாய். பெற்ற பிள்ளை மாமா என்கிறானே என்று உன் அம்மாதான் ஆரம்பத்தில் சங்கடப்பட்டாள். நான் படவில்லை. ஒரு வீட்டில் ஆறு பிள்ளைகளுக்கு மாமாவாக இருப்பது லேசான பதவியா?

எனக்குத் தொழில் சைடு ரிதம். தபலாக்காரர் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, ஓரத்தில் நின்று சலங்கை, ஜால்ரா, கிலுகிலுப்பை எல்லாம் ஆட்டுகிறவனுக்குப் பெயர் அது. ராஜா தப்பு செய்தால் யாருக்கும் தெரியாது, சலங்கைக்காரன் தப்பினால் ஊருக்கே தெரியும். கோடம்பாக்கத்தில் நான் ஆட்டாத சலங்கை கிடையாது. இந்தப் பாட்டில் வருகிற சலங்கை தனி. அது பட்டினப்பாக்கத்தில் ஐஸ் வண்டி இழுத்த மாட்டின் கழுத்தில் இருந்தது. அந்த மாடு என்னைத் தூரத்தில் பார்த்தாலே நின்றுவிடும், தாளம் பிசகாமல் தலையை ஆட்டும். "அது டி. நகர் பாத்திரக் கடையில வாங்கினதுன்னு எழுதுய்யா" என்கிறாள் உன் அம்மா. வாங்கியது கடையில்தான். கடைக்கு அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியுமா?

பாட்டை எழுதி மெட்டுப் போட்டவர் ஆரோக்கியம் மாஸ்டர். மந்தைவெளியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாடகர் குழுவை நடத்துவார். பன்னிரண்டு டைப் மிஷின் ஒரே நேரத்தில் தடதடக்கிற அறையில் உட்கார்ந்துதான் இந்த மெட்டைப் போட்டார். பாட்டைக் கவனித்துக் கேள். ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மணி அடிக்கும், டைப் மிஷினில் வரி முடிந்தால் அடிக்குமே அது மாதிரி. மற்ற பாட்டுகளில் பிறந்த பிள்ளையைத் தாலாட்டித் தூங்க வைப்பார்கள். மாஸ்டர் பிள்ளையைச் சிரிக்க வைத்தார். மூன்றாம் சரணம் எல்லாருக்கும் மனப்பாடம்:

ஆடு கொண்டு வந்தவரே,
அரிசி கொண்டு வந்தவரே,
சும்மா வந்து நின்னவரே,
யாரைப் பாத்துப் பிள்ளை சிரிக்குது?

அந்தக் கேள்வியோடு தபலா நிற்கும், ஆர்மோனியம் நிற்கும், என் சலங்கையும் நிற்கும். இரண்டு தட்டு அமைதி. அப்புறம் ஒரு குழந்தை சிரிக்கும். தொண்டைக்குள் தண்ணீர் உருள்கிற மாதிரி ஆரம்பித்து, மேலே ஏறி, மூச்சு வாங்கி, இன்னொரு தடவை. உடனே மொத்தக் குழுவும் பல்லவியை எடுக்கும். பாட்டுக்குள் பதில் கிடையாது, சிரிப்புதான் பதில். சும்மா வந்து நின்றவனைப் பார்த்துத்தான் சிரித்ததா என்று மாஸ்டரை ஒரு தடவை கேட்டேன். "அத பாடுறவங்க முடிவு பண்ணிக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு டைப் மிஷினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் பாட்டு மார்கழியில் பிறக்கிறது என்று நினைப்பவன் கோடம்பாக்கத்தைப் பார்க்காதவன். பண்டிகைக்கு முன்னால் கேசட் கடையில் இருக்க வேண்டுமானால் ஆடி மாதத்திலேயே பாட்டை எடுத்தாக வேண்டும். ஏசி ஓடினால் அதன் உறுமல் மைக்கில் விழும், அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் அதை அணைத்துவிடுவார்கள். பெத்லகேம் என்பது நம் ஏற்காட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஊட்டிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரி குளிர்ப் பிரதேசம். அந்தக் குளிரைப் பற்றி முதல் சரணம் பாடியபோது கோரஸ் பெண்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தபலாக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டார். நான் மட்டும் ஒரு சொட்டுக்கூட வேர்க்கவில்லை.

சிரிப்புக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று மாஸ்டர் ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தார். "எம் பையன் இருக்கான் மாஸ்டர். அவன் சிரிச்சா பஸ்ஸு நிக்கும்" என்றேன். உனக்கு ஆறு மாதம். உன் அம்மா உனக்கு மை வைத்து, புதுச் சட்டை போட்டு, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் அந்தப் புழுக்கத்தில் நீ ஒரு தடவை வீறிட்டாய். அதோடு சரி, தூங்கிப்போனாய். மாஸ்டர் கை தட்டினார். கோரஸ் பெண்கள் கன்னத்தைத் தட்டினார்கள். நான் மாட்டுச் சலங்கையை உன் காதோரம் ஆட்டினேன். உன் அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "புள்ளய இன்னா மாடுன்னு நெனச்சியா?" என்றாள். மூன்று மணி நேரம் போனது. குழுவுக்கு மாலையில் கோயிலில் ஆராதனை இருந்தது. "நீங்க கிளம்புங்க மாஸ்டர், பையன் முழிச்சதும் சிரிப்ப மட்டும் தனியா எடுத்து வெச்சிடறோம்" என்று நான்தான் சொன்னேன். அவர்கள் வேனில் ஏறிப் போனார்கள். வேன் போன பிறகு நீ கண் விழித்தாய், என் சலங்கையைப் பார்த்தாய், சிரித்தாய். அதுதான் ஊர் அறிந்த கதை. அங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு மற்ற ஒலிப்பதிவுகளைச் சொல்கிறேன்.

"ஏன் நிறுத்தினே?" என்கிறாள் உன் அம்மா.

கேசட் வந்தது. மெட்ராஸில் பாதி வீட்டில் அந்தப் பாட்டுதான். பாதி இல்லை என்றால் கால். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, எந்தப் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் விழா என்றாலும் பருத்திப் பஞ்சை ஆட்டுக்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் இதற்கு ஆடும். சில வருஷம் கழித்து டி. நகரில் ஒரு கம்பெனிக்காரர்கள் கீபோர்டு வைத்து இரண்டாவது தடவை எடுத்தார்கள். சலங்கைக்குப் பதில் ஒரு பட்டனை அமுக்கினார்கள். சத்தம் சுத்தமாக இருந்தது, மாடு இல்லை. ஆனால் சிரிப்பை மட்டும் பழைய டேப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், ஏனென்றால் அது மாதிரி வேறு கிடைக்கவில்லை. மூன்றாவது, சி.டி. காலத்தில், டிரம்ஸ் வைத்த வேகப் பாட்டு. கல்யாணத்துக்குக்கூடப் போட்டார்கள். அதிலும் அதே சிரிப்பு. அப்புறம் செல்போன் வந்தது. பாட்டை விட்டுவிட்டு சிரிப்பை மட்டும் வெட்டி ரிங்டோன் ஆக்கினார்கள். ஒரு தடவை மயிலாப்பூர் பறக்கும் ரயில் ஸ்டேஷனில் ஒருத்தர் பாக்கெட்டிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. "இது எம் பையன் சிரிப்பு சார்" என்று சொன்னேன். அவர் போனை எடுத்துப் பேசாமல் என் கையைக் குலுக்கினார்.

மாஸ்டர் உன்னை எப்படி வைத்திருந்தார் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு டிசம்பரிலும் நம் வீட்டுக்கு முதல் கேக் அவர் வீட்டிலிருந்துதான் வரும். "எம் பாட்டுக்குச் சிரிச்ச பிள்ளை எங்க?" என்று வாசலில் நின்றே கூப்பிடுவார். ஏழு வயதில் உன்னை ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார வைத்தார். பதினாறு வயதில் கோயில் மைக் செட்டை உன் பொறுப்பில் விட்டார். அந்த மனிதர் போய்ச் சேரும்போது பாட்டின் மூல டேப்பை உன்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். வேளச்சேரியில் உன் தரைத்தள வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது, ஸ்பீக்கர்களைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, அடித்தட்டில் இருந்த டேப்பை மறந்துவிட்டாய். தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நீ படியில் உட்கார்ந்திருந்த விதத்தை நான் மறக்கவில்லை. இப்போது மிச்சம் இருப்பதெல்லாம் நகலுக்கு நகல் எடுத்த, இரைச்சல் ஏறிய சிரிப்பு. அதனால்தான் புதுச் சிரிப்பு வேண்டும், அதுவும் உன் பிள்ளையே சிரிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாய். மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறாய். எனக்குப் புரியாமல் இல்லை.

உன் அம்மா அவரைக்காயை முடித்துவிட்டாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இப்ப நீ எழுதறியா, நான் போன் பண்ணட்டுமா?" என்கிறாள்.

எழுதுகிறேன். வேன் போன பிறகு நீ கண் விழிக்கவில்லை மணி. இன்னும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். டி. நகர் தாண்டும் வரைக்கும் நீ தூங்கினாய் என்று இப்போது சொல்கிறாள். ஸ்டுடியோவில் நானும் ஒலிப்பதிவாளரும் மட்டும். அந்த ஆள் 'ஓகே', 'ஒன் மோர்' இரண்டைத் தவிர மூன்றாவது வார்த்தை பேசாதவர். பக்கத்துக் கட்டடம் டப்பிங் தியேட்டர். டீ குடிக்க வெளியே வந்தபோது அங்கே கமலா அக்கா நின்றுகொண்டிருந்தாள். அழுகை கமலா என்றால் அன்றைக்குக் கோடம்பாக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. படத்தில் தொட்டில் குழந்தை அழுகிறதே, அது பெரும்பாலும் தொட்டிலில் கிடக்கிற குழந்தை அழுவது இல்லை. மைக் முன்னால் கமலா மாதிரி ஒரு பெண் நின்று, வாயைக் கையால் பொத்திப் பொத்தித் திறந்து அழுவாள். பசி அழுகை, பயந்த அழுகை, தூக்க அழுகை எல்லாம் அவளிடம் தனித்தனியாக உண்டு.

"இன்னா தம்பி, மொகம் தொங்கிப் போச்சு?" என்றாள். சொன்னேன். "சிரிப்பா? என்னிய யாரும் சிரிக்கக் கூப்பிட்டதே இல்லியே" என்று சொல்லிவிட்டு, டீ கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பாட்டை ஒரு தடவை கேட்டாள். "யாரப் பாத்து சிரிக்குதாம் புள்ள?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே டேக். ஒலிப்பதிவாளர் 'ஓகே' சொல்லவில்லை, 'ஒன் மோர்' சொல்லவில்லை, எழுந்து நின்றுவிட்டார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாஸ்டருக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒலிப்பதிவாளர் ராத்திரியே கொண்டுபோய்க் கொடுத்த டேப்பை அவர் விடியற்காலையிலேயே கேட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன்னைத் தூக்கிக்கொண்டார். உன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு வாய் திறந்தால் மூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு மூடிவிட்டது. நான் எத்தனையோ அளந்திருக்கிறேன், அதெல்லாம் பேசிச் செய்தது. இது ஒன்றுதான் பேசாமல் செய்தது. கேசட் அட்டையில் 'குழந்தைச் சிரிப்பு: செல்வன் மணி' என்று அச்சாகி வந்தது. அதற்கப்புறம் சலங்கையைப் பார்த்துச் சிரித்தாய், கண் விழித்துச் சிரித்தாய் என்று வருஷத்துக்கு ஒரு அடி கதையை வளர்த்துக்கொண்டே போனேன். உன் அம்மாவுக்கு ஆதியிலிருந்து தெரியும். பாட்டில் சிரித்த பிள்ளை என்று நீ கிறிஸ்துமஸ் மேடையில் நின்று கைதட்டு வாங்குவதைப் பார்த்து அவளும் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு அவளைக் கேட்காதே, என்னைக் கேள்.

கமலா அக்காவிடம் மட்டும் போய்ச் சொன்னேன், அட்டையில் பையன் பேர் வந்துவிட்டது என்று. "உடு தம்பி. அழுததுக்கே எம் பேரு எங்கியும் வந்ததில்ல, சிரிச்சதுக்கா வரப்போகுது? ஒரு கேசட் மட்டும் குடு, வூட்ல போட்டுக் கேக்கறேன்" என்றாள். கொடுக்கிறேன் என்று சொன்னேன். வெட்கத்தில் நாள் தள்ளினேன். நாள் வருஷமாகி, அந்தக் கேசட் போய்ச் சேரவே இல்லை. நான் வாழ்க்கையில் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான்: ஒருத்தர் செய்ததை அவர் செய்தது என்று அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொன்னால் கால் வலிக்கும், மறு வருஷம் கால் எழும்பவே எழும்பாது.

நீ காது டாக்டர் என்று சொன்ன பிறகு நேற்று சாயங்காலமே கிளம்பி ஈக்காட்டுத்தாங்கல் போனேன். லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருக்கிறாள். தேடித்தேடிக் கண்டுபிடித்தேன், பதினோரு சந்து. உன் அம்மா கூட வந்தாள், மூன்று சந்து என்கிறாள். என்னைப் பார்த்ததும் அக்கா, "இன்னாபா, கேசட் எடுத்தாந்தியா?" என்றாள். எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத இப்ப இன்னாத்துல போட்டுக் கேக்கறது? மூஞ்சியிலயா?" என்றாள். உன் அம்மா போனில் பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் சரணம் வந்ததும் அக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். தன் சிரிப்பைத் தானே கேட்டாள். பாட்டு முடிந்ததும், "இன்னும் கொஞ்சம் மேல ஏத்தி இருக்கணும். அவசரப்பட்டுட்டேன்" என்றாள். சனிக்கிழமை வந்து மறுபடி சிரிப்பாயா என்று கேட்டேன். "வர்றேன். அப்பல்லாம் பல்லு தெரியாம சிரிக்கறதுதான் கஷ்டம். இப்ப அந்தத் தொல்லயே இல்ல, பல்லு செட்டக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டா போச்சு" என்று சொல்லிவிட்டு, கழற்றிப் போட்டுவிட்டு, அங்கேயே ஒரு தடவை சிரித்தாள். கீழே பட்டறையில் ஒரு ஆள் மிஷினை நிறுத்திவிட்டு, "யாரு வூட்டுக் கொயந்த?" என்று கேட்டான்.

அதனால் பாப்பாவை வீட்டிலேயே விட்டுவிடு. அவள் காதில் ஒரு குறையும் இல்லை. நீயும் சலங்கைக்குச் சிரிக்காத பிள்ளைதான், உன் மகள் உன்னை மாதிரியே இருக்கிறாள், அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை என் மூக்குக்கண்ணாடி சாம்பாரில் விழுந்தபோது அவள் சிரித்த சிரிப்பை மைக் வைத்துப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். சனிக்கிழமை காலையில் கமலா அக்காவை ஆட்டோவில் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். ஆட்டோக்காரனுக்குச் சில்லறை எண்ணுகிற மாதிரி வாசலிலேயே நிற்பேன். அப்போது நீ என்னைக் கோபித்துக்கொள், பரவாயில்லை. முதலில் அக்காவுக்கு ஒரு நாற்காலி போடு.

நான் சலங்கை ஆட்டியது நிஜம், மாஸ்டர் அழுதது நிஜம், மாடு நிஜம். நீ சிரித்தாய் என்பது மட்டும்தான் நான் கட்டிச் சொன்னது. மாஸ்டர் உன்னை அந்தச் சிரிப்புக்காகத் தூக்கினார் என்பது உண்மை. ஆனால் ஏழு வயதில் ஆர்மோனியத்தில் எந்தக் கட்டை அரைச் சுருதி தப்புகிறது என்று நீ விரலை வைத்துக் காட்டினாயே, அதற்கப்புறம் அவர் உன்னை எதற்காக வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை பெயர்களைச் சரியாகப் போடு. பாட்டு, ஆரோக்கியம் மாஸ்டர். சிரிப்பு, கமலா. சலங்கை, மாமா. ஒலிப்பதிவு, மணி. அது நான் கட்டிச் சொன்னது இல்லை.